தோட்டத்து மெயில்

பூபதிராஜாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். வடகரப்பதிப் பக்கம் அது எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். மாடு ஒரு வேளை கொஞ்சம் கூடக் கறந்துவிட்டால் அன்றைக்கே பால் சொசைட்டியில் சொல்லிவிடுவார். தென்னையில் ஒரு குலை தடித்துத் தொங்கினால் பொள்ளாச்சி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவருக்கும் அது தெரிந்துவிடும். மனைவியைப் பற்றி ஆரம்பித்தாரானால் கேட்கவே வேண்டாம். கோமதி கேரளப் பாசனத்துறையில் எக்ஸிகியூட்டிவ் எஞ்சினியர். அந்த வட்டாரத்துக் கால்வாயில் தண்ணீர் எப்போது விடுவது, எந்தக் கிளைக்கு எப்போது முறை என்பதெல்லாம் அவள் கையெழுத்தில்தான் நடக்கிறது. பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு மண்வெட்டி பிடித்த ஒரு குடியானவருக்கு அப்படி ஒருத்தி வாய்த்தால், வாயை எங்கே கட்டிப்போடுவது?

கல்யாணமான புதிதில் அவளைப் பரீட்சை எழுத மொபெட்டில் வைத்துப் பாலக்காட்டுக்குக் கூட்டிப்போனவர் அவர்தான். அவள் உள்ளே எழுதிக்கொண்டிருக்க, வெளியே வேப்பமரத்தடியில் சோத்துப்போசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "பொண்டாட்டிக்குக் காவலா?" என்று அப்போது சிரித்தவர்கள் எல்லாம் இப்போது தண்ணீர் வேண்டுமென்றால் அவள் ஆபீஸ் வாசலில்தான் நிற்கிறார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் பூபதிக்கு உடம்பில் ஒரு சுற்று சதை போட்டதுபோல் இருக்கும்.

மெயில் விவகாரம் வெளியே வந்ததும் அந்த வாயால்தான்.

அந்த மெயில் முதலில் கோமதியுடையதே அல்ல, தோட்டத்துடையது. சொட்டுநீர்க் குழாய்க்கு மானியம் கேட்கப் போனபோது, மெயில் முகவரி ஒன்று இல்லாமல் ஆகாது என்றார்கள். மகள் கிருத்திகா அப்போது கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தாள். லீவுக்கு வந்தவள், களத்தில் தேங்காய்க் குவியலின் ஓரமாக உட்கார்ந்து 'பூபதிதோட்டம்' என்று ஆங்கிலத்தில் ஒட்டி எழுதி ஒன்றை உண்டாக்கினாள். அப்பாவின் போனிலும் அதைப் போட்டாள், அம்மாவின் கம்ப்யூட்டரிலும் போட்டாள். மோட்டார் கம்பெனி விளம்பரமும் கரண்ட் பில்லும் கொஞ்சநாள் அதில் வந்துகொண்டிருந்தன.

அப்புறம் கோமதிக்குப் பதவி ஏறியது. அரசாங்கம் கொடுத்த மெயில் அவளுக்கென்று தனியாக இருந்தது. ஆனால் அதைத் திறக்க ஒவ்வொரு தடவையும் போனுக்கு ஓர் எண் வரவேண்டும், அதைத் தட்டினால்தான் கதவு திறக்கும். தோட்டத்தில் நின்றால் போன் கேரளத்தைப் பிடிப்பதா தமிழ்நாட்டைப் பிடிப்பதா என்று யோசித்தே செத்துப்போகும். எண் வந்து சேரும்போது அதன் ஆயுசு முடிந்திருக்கும். வீட்டுக்கு இழுத்திருந்த வயர் இன்டர்நெட் மட்டும் மாட்டுச்சாளை, களம் வரைக்கும் ஒழுங்காக எட்டும். ஒரு ஐப்பசி மழையில், ஷட்டர் உடையப் போகிறதென்று ஆபீஸிலிருந்து அனுப்பிய தாக்கல் அவளுக்கு எட்டாமலே போய் ஒரு கரை உடைந்தது. அதற்குப் பிறகு, அவசரமென்றால் வீட்டு மெயிலுக்கே அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிவைத்தாள்.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கடைமடையில் எல்லாம் தமிழ்க் குடும்பங்கள். அவர்கள் தமிழில் எழுதிக் கொடுக்கும் மனு, மலையாளத்தில் ஆக்க ஆள் வரும்வரைக்கும் ஆபீஸ் மேசையில் தூங்கும். அது எழுந்திருப்பதற்குள் பயிர் படுத்துவிடும். கடைமடைச் சின்னையன் ஒருநாள் நேரிலேயே வந்து, "அம்மிணி, எங்க காயிதத்த நீங்களாச்சும் படிப்பீங்களா?" என்று கேட்டுவிட்டார். கோமதிக்குச் சுருக்கென்றது. அவருக்கும் அந்தத் தோட்டத்து மெயிலையே எழுதிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு கடைமடைக்காரர்கள் தாளில் எழுதி, படம் பிடித்து அதிலேயே அனுப்பினார்கள். அவளும் வாசித்தாள்.

இப்படியாக ஓர் அரசாங்கத்தின் தண்ணீர்ச் சமாச்சாரமெல்லாம் பூபதியின் வேட்டிக்கு உள்ளே, பட்டாபட்டி டவுசர் பாக்கெட்டில் வந்து 'டிங்' என்று விழுந்தது. பாரையில் தேங்காயைக் குத்தி மட்டை உரித்துக்கொண்டிருக்கும்போது விழும், மாட்டுக்குத் தவிடு கலக்கும்போது விழும். எடுத்துப் பார்க்கமாட்டார். "ஆபீஸ் மெயிலத் தொறக்காதீங்க" என்று கோமதி ஒரே ஒரு தடவை சொன்னாள், அதோடு சரி. திறப்பதில்லை என்பதும் அவருக்கு ஒரு பெருமை. சத்தத்தைக் கேட்பது அதைவிடப் பெரிய பெருமை.

அதைத்தான் கொழிஞ்சாம்பாறையில் ஒரு கல்யாணப் பந்தியில் அவிழ்த்துவிட்டார். பக்கத்து இலை ஆறுமுகசாமி. அவர் நிலம் கால்வாயின் தலைமடையில், பூபதியின் வயலுக்கு வரப்பு ஒட்டி இருக்கிறது. வயதில் மூத்தவர், நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்பவர், கோபம் வந்தால் மட்டும் கண் தெரியாது.

"கவர்மெண்டு மெயிலே என்ற டவுசர் பாக்கெட்டுலதானுங்ணா வந்து உளுகுது," என்றார் பூபதி, பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டபடி.

"அப்பிடியா?" என்றார் ஆறுமுகசாமி. இரண்டாம் தடவை பாயசம் வாங்கிக்கொண்டார்.

மழை பொய்த்த கார்த்திகையில்தான் அது வெடித்தது. சின்னையன் அனுப்பிய ஒரு மனுவைப் பார்த்துவிட்டுக் கோமதி தானே கால்வாய்க் கரையில் நடந்து போனாள். தலைமடை ஷட்டர்கள் முறை முடிந்த பிறகும் பாதி திறந்தே கிடந்ததைக் கண்டு, நின்று மூடவைத்தாள். தண்ணீர் கடைமடைக்குப் போனது. ஆறுமுகசாமியின் தீவனப்புல் வாடியது. அவர் வீட்டுக்கு வந்து சண்டை போடவில்லை. பாலக்காட்டில் ஒரு வக்கீலைப் பிடித்துத் திருவனந்தபுரத்துக்குப் புகாராக ஒரு பராதி அனுப்பினார். பெரிய அதிகாரி சொந்த மெயிலில் அரசாங்கக் காரியம் பார்க்கிறார், அந்த மெயில் புருஷன் பாக்கெட்டில் கிடக்கிறது, தண்ணீர் வரும் தேதி ஊருக்குத் தெரியும் முன்னால் அந்த வீட்டுக்குத் தெரிந்துவிடுகிறது, அவர்கள் வெள்ளாமை மட்டும் தப்பிக்கொள்கிறது என்று எழுதியிருந்தது.

விசாரணைக்கு ஆள் வருகிறது என்று தை மாதத்தில் கடுதாசி வந்தது. கோமதி சூப்பிரண்டிங் எஞ்சினியர் ஆவதற்கான பட்டியலில் முதல் பெயராக இருந்த சமயம். அந்த நாற்காலியில் இந்தக் கிழக்குப் பக்கத்துத் தமிழ்ப் பெண் ஒருத்தி இதுவரை உட்கார்ந்ததில்லை. அவள் உட்காரும் நாளன்று போட்டுக்கொள்ளப் பூபதி ஒரு சட்டையே தைத்து வைத்திருந்தார்.

விசாரணைக்கு முதல்நாள் சாயங்காலம் கிழக்குக் காற்று தென்னை ஓலையைப் பிய்த்து எறிந்துகொண்டிருந்தது. தை மாதம் முழுக்க அந்தக் காற்றுக்கு ஓய்வே கிடையாது, உதடு வெடிக்கும், காயப்போட்ட துணி அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும். கோமதி ஆபீஸிலிருந்து வந்து, முகம் கழுவி, அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினாள். தட்டில் போட்டு நெய்யை ஊற்றினாள். பூபதி தட்டைத் தொடாமல் போனை எடுத்து முன்னால் வைத்தார்.

"ஏம்புள்ள," என்றார், "இந்தப் போன்லருந்து அத எடுத்துப்போட்டா என்ன? கிருத்திகாகிட்டக் கேட்டா வழி சொல்லும். நாளைக்கு அந்தம்மா கேட்டா, என்ற போன்ல ஒண்ணுமில்லீங்கன்னு சொல்லிப்போடறேன்."

"எடுக்காதீங்க."

"எடுத்தா ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமில்லீங்க. நாளைக்குக் கேட்டா உள்ளதச் சொல்லுங்க. என்ற போன்லயும் இருந்துதுங்க, நாந் தொறக்கலீங்கன்னு சொல்லுங்க. அது போதும்."

"உள்ளதச் சொன்னா உன்ற சூப்பிரண்டு சீட்டு போயிருமே?"

"போனாப் போகுதுங்க. நாஞ் செஞ்சது தப்புத்தான. ஆபீஸ் காரியம் ஆபீஸ்ல இருக்கோணும். எனக்கப்புறம் அந்தச் சீட்டுக்கு வாறவன், சின்னையனுக்கு என்ன பதில் சொன்னாங்கன்னு தேடுனா எங்க போயித் தேடுவான்? நம்ம மாட்டுச்சாளைலயா?"

பூபதி சோற்றை உருட்டிக்கொண்டே இருந்தார். "எல்லாம் இந்த வாயாலதான்," என்று தன் வாயில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார்.

கோமதி சிரித்துவிட்டாள். "பந்தில என்ன பேசினீங்கன்னு அன்னிக்கே எனக்குத் தெரியும். பொம்பளைக பந்திக்கு அது பாயசத்துக்கு முந்தியே வந்துருச்சு." அப்புறம் சிரிப்பு நின்றது. தட்டில் விரலை வைத்தபடி சொன்னாள்: "நாளைக்கு அங்க ஒரு மெயிலப் பத்திப் பேச்சு வரும். அப்ப எம்மேல கோவிச்சுக்காதீங்க."

"உம்மேல எனக்கென்ன கோவம்?"

"வரும்," என்றாள். "சாப்பிடுங்க, ஆறுது."

மறுநாள் ஆபீஸ் ஜீப் வேண்டாமென்று சொல்லிவிட்டாள். விசாரணைக்கு அரசாங்க டீசல் எதற்கு என்றாள். பூபதியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, முந்தானையைக் காற்றுக்கு இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். பாலக்காட்டுக்குப் பரீட்சை எழுதப் போன நாள் பூபதிக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கும் இப்படித்தான் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

கால்வாய்க் கரையில் உள்ள இன்ஸ்பெக்ஷன் பங்களாவில் விசாரணை. வந்திருந்த அதிகாரி பெயர் நிமி. கிருத்திகாவைவிடப் பத்து வயது கூட இருக்கலாம், கண்ணாடி போட்டிருந்தார், குரலை உயர்த்தாமல் பேசினார். மேசையில் கம்ப்யூட்டர் திறந்திருந்தது. தோட்டத்து மெயிலில் வந்த எல்லாவற்றையும் கோமதி ஒன்று விடாமல் முன்பே ஒப்படைத்திருந்தாள். ஆறுமுகசாமி ஏற்கெனவே வந்து சுவரோரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், துண்டு மடியில் மடித்துக் கிடந்தது. பூபதியைக் கண்டதும் பழக்கத்தில் "வா" என்றுவிட்டார். அப்புறம் தான் யார் பக்கம் என்பது நினைவுக்கு வந்து சன்னலைப் பார்த்தார்.

நிமி மலையாளத்தில் கேட்டார், இவர்கள் தமிழில் சொன்னார்கள். அந்தப் பக்கத்தில் அது ஒரு சிரமமே இல்லை.

கோமதி எதையும் மழுப்பவில்லை. சொந்த மெயிலில் அரசாங்கக் காரியம் பார்த்தேன், ஆமாம் என்றாள். கரை உடைந்த கதையைச் சொன்னாள், மேசையில் தூங்கிய தமிழ் மனுக்களைச் சொன்னாள். "இது காரணந்தாங்க மேடம், நியாயமில்லை. மேல எழுதி வழி கேட்டிருக்கணும். கேக்கல," என்றாள். அந்த மெயிலை வேறு யார் திறக்க முடியும் என்று நிமி கேட்டார்.

"என் வீட்டுக்காரர் போன்லயும் இருந்தது."

நிமி பூபதியின் பக்கம் திரும்பி, திறந்து பார்த்தீர்களா என்று கேட்டார். "சேட்டன் துறந்து நோக்கியோ?"

"இல்லீங்க மேடம். சத்தம் மட்டும் கேப்பேன். தொறந்ததில்லீங்க."

அதை எப்படி நம்புவது என்று கேட்டார் நிமி. கையிலேயே இருக்கிறது, விரலை வைத்தால் திறக்கிறது, ஒருநாளும் பார்க்கத் தோன்றவில்லையா?

பூபதிக்குச் சுள்ளென்று வந்தது. "எங்க வயலுக்கு மேக்க ஆறுமுகசாமிண்ணன் மடை இருக்குதுங்க. நான் ஒத்தக் கையில தூக்கிப்போடலாம். அவரு ஊர்ல இல்லாதப்பக்கூட நான் அதத் தொட்டதில்லீங்க. வேணும்னா அவரையே கேளுங்க. அவ மெயிலும் எனக்கு அப்பிடித்தானுங்க."

ஆறுமுகசாமி தலையைத் தூக்கவில்லை. துண்டின் மடிப்பைப் பிரித்து மறுபடி மடித்தார்.

நிமி கம்ப்யூட்டரில் எதையோ தேடி எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். போன புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த மெயிலுக்கு ஒரு தாக்கல் வந்திருக்கிறது. கிழக்கே தமிழ்நாட்டிலிருந்து ஆற்றில் வரவேண்டிய தண்ணீர் வரவில்லை, பேச்சு நடக்கிறது, இரண்டாம் போகத்துக்குக் கால்வாய் திறப்பதைத் தள்ளிப்போடுங்கள், முடிவாகும்வரை வெளியே சொல்லவேண்டாம் என்று அதில் இருக்கிறது. ஊருக்கு நோட்டீஸ் ஒட்டியது அதற்கடுத்த வாரம்தான். அந்த இடைப்பட்ட நாளில் நீங்கள் வயலில் என்ன வேலை செய்தீர்கள்?

பூபதிக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "அடுத்த நாள் புரட்டாசி மொதச் சனிக்கிழமைங்க. எங்கூட்ல அன்னிக்குத்தான் ரெண்டாம் வெள்ளாமைக்கு நாத்தங்கால்ல வெத போடறது. எங்கப்பன் காலத்துலருந்து அப்பிடித்தான். வெடியால பெருமாளுக்கு நாமம் போட்டுப்போட்டு வெதைச்சேனுங்க."

"என்னிட்டு?" என்றார் நிமி. அப்புறம் என்ன ஆயிற்று என்று அர்த்தம்.

"காஞ்சு போச்சுங்க. வயக்காட்டு போர்ல அந்த வருசம் சொட்டுத் தண்ணியில்ல. கனால்ல வருமுன்னுதான் நம்பி வெதைச்சேன். வர்ல. ஊட்டுப் போர்லருந்து கொடத்துல மொண்டு ஊத்திப் பாத்தமுங்க. ஒரு விரக்கடை எந்திரிச்சு அப்பிடியே செவந்து போச்சு."

நிமி ஆறுமுகசாமியின் பராதியைக் கையில் எடுத்தார். தண்ணீர் வரும் தேதி முன்கூட்டியே தெரிந்து இவர்கள் வெள்ளாமை தப்பித்தது என்று எழுதியிருக்கிறீர்களே, இவர் சொல்வது பொய்யா என்று கேட்டார்.

ஆறுமுகசாமி எழுந்து நின்றார். உட்கார்ந்தே சொல்லலாம் என்றதும் உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். பொய் சொல்லப் பழகாத மனிதருக்குப் பராதி எழுதுவது சுலபம், அதைக் கண்ணுக்கு நேரே நிறுத்திக் கேட்கும்போதுதான் கஷ்டம்.

"காஞ்சுது நெசந்தானுங்க," என்றார். "எனக்குப் பேரன் பொறந்த தீட்டு. அதனால மொதச் சனிக்கிழமை வெதைக்கல, தள்ளிப் போட்டேன். என்ற நாத்து தப்பிச்சுக்குச்சு. இவன் நடவுக்கு நாத்தில்லாம வரப்புல நின்னான். பாக்கச் சகிக்கல. எனக்கு நட்டது போக மிச்சமிருந்தத நாந்தான் புடுங்கிக் கட்டுக் கட்டிக் குடுத்தேன்."

"நீங்களா?"

"நாந்தானுங்க."

அதை ஏன் பராதியில் எழுதவில்லை என்று கேட்டார் நிமி.

"அது வேற சோலி, இது வேற சோலிங்களே," என்றார் ஆறுமுகசாமி, இதுகூடத் தெரியாதா என்பதுபோல்.

நிமி சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். எழுதி முடித்துக் கோமதியைப் பார்த்துக் கடைசியாக ஒன்று கேட்டார். அந்த வெள்ளிக்கிழமை மெயிலை நீங்கள் எப்போது வாசித்தீர்கள்?

"அன்னிக்குச் சாயந்தரமே."

அப்படியென்றால் மறுநாள் காலையில் இவர் விதைப்பது தெரியுமா?

"தெரியும். அன்னிக்கே வெதை ஊறப் போட்டிருந்தார். நான் தொட்டிகிட்ட நின்னு டிபன் டப்பா கழுவிட்டிருந்தேன். பார்த்தேன்."

பூபதி மெல்லத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். அவள் திரும்பவில்லை.

திரும்பி வரும்போது பூபதி பாதி வழியில் கால்வாய்க் கரையோரம் ஸ்கூட்டரை நிறுத்தி இறங்கினார். கால்வாயில் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அப்பால் வயல்களில் நெல் பழுத்து நின்றது. அதில் அவர் வயலும் ஒன்று, ஆறுமுகசாமியின் நாற்றில் விளைந்தது.

"அந்தத் தொட்டில நாலு சாக்கு வெதை ஊறிட்டிருந்துது," என்றார். "உமா நெல்லு. பொறுக்கி வெச்ச வெதை. நீ டப்பாவக் கழுவிட்டு உள்ள போயிட்டே."

"ஆமாங்க."

"ஒரு வார்த்தை. 'இருங்க, அடுத்த வாரம் போட்டுக்கலாம்'னு ஒரே ஒரு வார்த்தை. ஏன்னு நாங் கேட்டிருக்கவே மாட்டேன்."

"கேட்டிருக்கமாட்டீங்க. ஆனா நீங்க வெதைக்காம நின்னா ஊரே கேட்டிருக்கும். எஞ்சினியரம்மா ஊட்ல மொதச் சனிக்கிழமை வெதைக்கல, தண்ணி வராதாட்ட இருக்குதுன்னு அன்னிக்கே பேசியிருப்பாங்க. அங்க பேச்சு முடியாம இங்க தண்ணி இல்லேன்னு கெளம்புச்சுன்னா, தலைமடைக்காரங்க இருக்கற தண்ணியக் கட்டிப்போடுவாங்க. குடிக்கறதுக்கு ஓடிட்டிருந்ததும் கடைமடைக்குப் போயிருக்காது." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஊர்ல எல்லாருக்கும் சொல்ல முடியாத ஒண்ண உங்களுக்கு மட்டும் சொல்லச் சொல்றீங்களா?"

பூபதி கரையில் ஒரு கல்லைத் தேடி எடுத்துத் தண்ணீரில் போட்டார். அவருக்குக் கோபம் வந்திருந்தது. அவள் சொன்னது சரியாகப் போனதில் அது இன்னும் கூடியது.

பிறகு அவருக்கு அது ஞாபகம் வந்தது. நாற்று வாடத் தொடங்கிய அந்த நாட்களில், கோமதி ஆபீஸிலிருந்து வந்ததும் வராததுமாகச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு குடத்தை எடுப்பாள். வீட்டு போரிலிருந்து வயல்வரைக்கும் வரப்பில் நடந்து நடந்து ஊற்றினாள். பொழுது இறங்கிக் கண் மங்கும்வரைக்கும் ஊற்றினாள். எக்ஸிகியூட்டிவ் எஞ்சினியர் குடம் தூக்குகிறாள் என்று எதிர்த் தோட்டத்துப் பெண்கள் வேலியோரம் வந்து பார்த்தார்கள். "உனக்கெதுக்கு இந்தப் பாடு, போயி உக்காரு" என்று அவர் எத்தனையோ தடவை சொன்னார். கேட்கவில்லை. ஒருநாள் வரப்பில் வழுக்கி விழுந்து, முழங்கை சிராய்த்த பிறகும் குடத்தை விடவில்லை. ஆசையில் செய்கிறாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

"அதுக்குத்தான் கொடந் தூக்குனயா?" என்றார்.

கோமதியின் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் ஆபீஸ் காரியத்துக்காக அவள் அழுது அவர் பார்த்ததில்லை.

"சொல்லத்தான் முடியல," என்றாள். "தூக்க முடிஞ்சுது."

பூபதிக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. நாலு சாக்கு விதை நெல் போனது அந்த நிமிஷத்தில் அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. தன் வீட்டில் இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்பதைத் தான் இன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்துகொண்டோம் என்று தோன்றியது. இத்தனை நாள் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டது அவள் நாற்காலியை மட்டும்தான்.

"ஏறு," என்றார். "காத்து எச்சா அடிக்குது."

பங்குனியில் தாக்கீது வந்தது. எழுத்தில் கண்டிப்பு, பணிப்பதிவேட்டில் ஏறும், அந்த வருடம் பதவி உயர்வு கிடையாது என்று இருந்தது. கணவரும் குடும்பமும் அதனால் எந்த ஆதாயமும் அடையவில்லை, நஷ்டமே அடைந்தார்கள் என்பது விசாரணையில் தெளிவானது என்றும் அதிலேயே ஒரு வரி இருந்தது. கோமதி முதல் பகுதியை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பூபதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கிருத்திகாவை விட்டுத் தமிழில் சொல்லச் சொல்லி, அந்த ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். சூப்பிரண்டிங் எஞ்சினியர் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தார். தைத்து வைத்த சட்டையைப் பூபதி அடுத்த நோம்பித் திருநாளுக்குப் போட்டுக்கொண்டார். அக்குளில் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தது.

போனிலிருந்து ஆபீஸ் மெயில் போனது. தோட்டத்து மெயிலில் பழையபடி மோட்டார் விளம்பரமும் கரண்ட் பில்லும் மட்டும் வருகின்றன. கடைமடை மனுக்கள் இப்போது அரசாங்க மெயிலுக்கே போகின்றன. கோமதி எழுதிய விளக்கத்தின் பேரில், தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரை ஆபீஸில் போட்டிருக்கிறார்கள். முன்னளவுக்கு வெரசாகப் பதில் வருவதில்லை என்று சின்னையன் குறைபட்டுக்கொள்கிறார். குறைபடாவிட்டால் அவர் சின்னையன் இல்லை.

அடுத்த புரட்டாசி வந்தது. முதல் சனிக்கு முந்தின சாயங்காலம் பூபதி விதைச் சாக்கைத் தொட்டியோரம் கொண்டுவந்து போட்டார். கோமதி அங்கே நின்று டிபன் டப்பா கழுவிக்கொண்டிருந்தாள். அவர் சாக்கின் வாயைப் பிரிக்காமல், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார். புருவம் ஏறுகிறதா, உதடு அசைகிறதா, கை ஒரு நிமிஷம் நிற்கிறதா என்று பார்த்தார். ஒன்றும் இல்லை. கல்லாட்டம் இருந்தது. டப்பாவை உதறிக் கவிழ்த்துவிட்டு, "ஏனுங்க, காப்பி வெச்சிருக்கறேன், ஆறிப்போகும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பூபதி வாய்விட்டுச் சிரித்தார். சாக்கைப் பிரித்து விதையைத் தொட்டியில் கொட்டினார்.

மறுநாள் நாற்றங்காலில் விதைத்துவிட்டு, நெற்றியில் நாமத்தோடு டீக்கடைக்குப் போனார். காலை நேரத்துக் கூட்டம் இருந்தது. பெஞ்சில் ஆறுமுகசாமி பேரனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பராதிக்குப் பிறகு இரண்டு பேரும் பேசாமலும் இல்லை, பழையபடி பேசிக்கொள்ளவும் இல்லை. ஆறுமுகசாமி நகர்ந்து இடம் விட்டார். பூபதி உட்கார்ந்தார்.

"வெதைச்சாச்சா?"

"ஆச்சுங்ணா."

"அப்பத் தண்ணி வந்துரும்," என்றார் ஆறுமுகசாமி, எல்லாருக்கும் கேட்கும்படி. "என்னிக்குன்னு உன்ற ஊட்ல சொன்னாங்களா?"

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பூபதி டீ டம்ளரைக் கையில் வாங்கினார். அந்தக் கல்யாணப் பந்தியில், பாயசத்தோடு பேசிய அதே குரல் அவருக்குத் தானாக வந்தது.

"எனக்கெப்பிடிங்ணா தெரியும்?" என்றார். "தொட்டில ஊறுன வெதை அழுகுனாலும் எங்கூட்ல எனக்குச் சொல்லமாட்டாங்க."